பில்டரிடம் கேட்பது தனியாகவா, சேர்ந்தா?

பில்டர் சொன்னதைச் செய்யவில்லை என்றால் தனியாகப் போய்க் கேட்பதா, குடியிருப்போர் எல்லாரும் சேர்ந்து கேட்பதா? உங்கள் வீட்டுக்குள் மட்டும் இருக்கும் குறை என்றால், அதாவது குளியலறைச் சுவரில் ஓதம், கதவு சரியாகச் சாத்தவில்லை, இந்த மாதிரி, தனியாகவே கேளுங்கள், சீக்கிரம் முடியும். சாவி வாங்கும் நாளிலேயே அறை அறையாகப் போய்ப் படம் எடுத்து, குறைகளைத் தேதியோடு எழுதி, பில்டரின் ஆளிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

பொது வசதி வேறு கதை. இரண்டு லிஃப்ட் என்று சொல்லியிருப்பார்கள், ஒன்றுதான் ஓடும், இன்னொன்றின் வாசலில் பலகை அடித்து வைத்திருப்பார்கள். இதைத் தனியாகக் கேட்டால் "மற்றவர்கள் யாரும் சொல்லவில்லையே" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள், அப்புறம் ஓரிருவருக்கு மட்டும் ஏதாவது சலுகை கொடுத்து வாயை அடைப்பதும் நடக்கும். சேர்ந்து போனால் அது எடுபடாது, வக்கீல் செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் மெதுவாகத்தான் நகரும், வாட்ஸ்அப் குழுவில் பேசியே மாதங்கள் ஓடிவிடும், புகார் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டால் நியாயம் இருந்தும் பயனில்லை.

சரி, என்னைக் கேட்டால் பொது வசதி விஷயத்தில் சேர்வதுதான் நல்லது. விளம்பரத் தாள், ஒப்பந்தம், விற்பனை ஆள் அனுப்பிய செய்திகள், எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பொது இடங்களைக் குடியிருப்போர் சங்கத்திடம் பில்டர் ஒப்படைக்கும் தாளில், பாக்கி வேலைகளும் அவற்றை முடிக்கும் தேதியும் எழுதப்படும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.