அரிசி கார்டா, சர்க்கரை கார்டா?

கல்யாணத்துக்குப் பிறகு தனி ரேஷன் கார்டுக்கு விண்ணப்பித்தபோது நாங்கள் அரிசி கார்டையே கேட்டோம். மாதச் சம்பளம் வருகிறதே, சர்க்கரை கார்டு போதாதா என்றார் மாமா. அவர் கேட்டது நியாயம்தான். அதில் அரிசி இல்லை, சர்க்கரை கொஞ்சம் கூடுதல், அரசுக்கும் செலவு மிச்சம்.

ஆனால் எல்லோருக்கும் தருவதா, ஏழைக்கு மட்டுமா என்பதில் நான் முதலாவதன் பக்கம். 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகும் அந்தச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இல்லாத அரிசி கார்டுகளுக்கு மாநிலம் தன் காசில் தருகிறது.

எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்வது, அந்த வறுமைக்கோட்டை யார், எந்த மாதத்தில் போடுவது என்பதுதான். சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசு செய்கிறவர் வீட்டில் வெள்ளி விலை எகிறினால் ஆர்டர் குறையும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். தீபாவளிக்கு முன் கோட்டுக்கு மேலே இருந்த குடும்பம் சித்திரையில் கீழே கிடக்கும்; பட்டியல் அதற்குள் மாறாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சம், மின்சாரம் 3,600 யூனிட் என்று வரம்பு வைத்தார்கள். ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருக்கிற வீட்டை இந்தக் கணக்கு எப்படிப் பிடிக்கும்? அந்தத் தொகை கிடைக்காதவர்கள் மேல்முறையீடு போட்டுக் காத்திருக்கிறார்கள்; ரேஷன் அரிசிக்கு யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை.

இன்னொன்று, ஓய்வுபெற்ற வாத்தியாரும் தறிக்காரரும் ஒரே வரிசையில் நின்றால் நாற்றமடிக்கும் அரிசிக்கு உடனே புகார் போகும். அந்த அரிசியில் கை வைக்க எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வராது. 2008-இல் ஒரு ரூபாய் அரிசி, 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. 2021-இல் ஆட்சி மாறியும் அது நிற்கவில்லை. அடுத்த தலைமுறைக்கும் அது போய்ச்சேர இந்தப் பொதுத்தன்மைதான் காப்பு என்று உறுதியாக நம்புகிறேன்.

செலவு பெரிது, கடத்தலும் உண்டு, மறுக்கவில்லை. ஏற்காட்டு எஸ்டேட் பக்கக் கடைகளில் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே நிலைமை வேறாக இருக்கலாம்.

சரி, அரிசியே வாங்கப்போவதில்லை என்றால் சர்க்கரை கார்டுக்கு மாறிவிடுங்கள். வாங்காத அரிசிக்கு பில் போட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால் 1967-க்கு போன் செய்யுங்கள்.