போட்டியாளர்களைக் கவனிக்கும் கருவிகள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மென்பொருளைச் சந்தா முறையில் விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றில், விலை நிர்ணயத்துக்கும் விற்பனைக்கும் தேவையான தகவல்களைத் திரட்டித் தருவது என் வேலை. போட்டி நிறுவனங்களின் போக்கைப் பார்க்க நான் பயன்படுத்திய கருவிகளில் எது கைகொடுத்தது, எது சும்மா கிடந்தது என்று சொல்கிறேன்.

நாம் கொடுக்கும் சொல் இணையத்தில் புதிதாக வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கும் கூகுள் அலர்ட்ஸ் இலவசம். போட்டியாளரின் பெயர் சாதாரணச் சொல்லாக இருந்தால் குப்பை வந்து குவியும். பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, வேண்டாத சொற்களுக்கு முன் கழித்தல் குறி வைத்தால் ஓரளவு அடங்கும். சமூக ஊடகங்களுக்கு இதை நம்ப வேண்டாம்.

எனக்கு அதிகம் உதவியது, இணையப் பக்கங்கள் முன்பு எப்படி இருந்தன என்று காட்டும் வேபேக் மெஷின்தான். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 1996 முதல் சேமித்துவந்த பக்கங்களை 2001இல் இதன் வழியே எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு போட்டியாளர் விலையைக் குறைக்கப்போகிறார் என்று எங்கள் விற்பனைக் குழு பதறிக்கொண்டிருந்தது. அவர்களுடைய விலைப் பக்கத்தின் பழைய பதிவுகளை வரிசையாகத் திறந்து பார்த்தேன். முதலில் இலவசத் திட்டம் பக்கத்தின் அடிக்குத் தள்ளப்பட்டிருந்தது. அப்புறம் காணாமலே போயிருந்தது. பெரிய திட்டத்தில் விலை இருந்த இடத்தில் 'எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்' என்று வந்திருந்தது. வேலைவாய்ப்புப் பக்கத்திலோ, பெரிய நிறுவனங்களுக்கு விற்றுப் பழகியவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆப் ஸ்டோர் விமர்சனங்களில், உதவி கேட்டால் பதிலே வருவதில்லை என்று சின்ன வாடிக்கையாளர்கள் புலம்பியிருந்தார்கள். விலையைக் குறைக்கப்போகிறவர் செய்கிற காரியங்களா இவை? சின்ன வாடிக்கையாளர்களை விட்டுப் பெரிய நிறுவனங்களின் பக்கம் போகிறார்கள் என்று புரிந்தது. நாங்கள் விலையில் கை வைக்கவில்லை. அங்கிருந்து வருகிறவர்கள் தங்கள் தரவை எளிதாகக் கொண்டுவரும் வசதியை முதலில் செய்து முடித்தோம்.

வேபேக் மெஷினில் எல்லா நாளின் பதிவும் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்ப, பக்கம் மாறினால் மின்னஞ்சல் அனுப்பும் விஷுவல்பிங். பக்கத்தில் விலை உள்ள பகுதியை மட்டும் குறித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் விளம்பரப் படம் மாறினாலும் மின்னஞ்சல் வரும்.

ஒரு தளத்துக்கு எத்தனை வருகைகள் என்று சிமிலர்வெப் தரும் எண்ணிக்கை மதிப்பீடுதான். பெரிய தளங்களில் ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்க்கலாம். சின்னத் தளங்களுக்கு அந்த எண்ணை வைத்து நான் எந்த முடிவும் எடுக்கமாட்டேன்.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள அமெரிக்க நிறுவனம் என்றால், அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எட்கர் தளத்தில் அதன் 10-கே ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அபாயங்கள் பற்றிய பகுதி படிக்க அலுப்புத்தான், ஆனால் விளம்பரத்தில் சொல்லாததை அங்கே சொல்லியிருப்பார்கள். காப்புரிமை விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகும் என்பதால் எங்கள் வேகத்துக்கு ஒத்துவரவில்லை.

வாடிக்கையாளர் மாதிரி நடித்துப் போட்டியாளருக்குப் போன் செய்யச் சொல்கிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம்: ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் சார்பில் தகவல் திரட்டியவர்கள் போட்டியாளரான யூனிலீவரின் குப்பையைக் கிளறிய விவகாரத்தில், 2001இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் தானே முன்வந்து ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் கட்டண டாஷ்போர்டும் வாங்கினோம். அழகாக இருந்தது, ஆனால் சீக்கிரமே அதை யாரும் திறக்காமல் விட்டுவிட்டார்கள். சந்தாவை நிறுத்திவிட்டு ஒரு பக்கக் குறிப்புக்கு மாறினோம்: என்ன மாறியது, எதை வைத்துச் சொல்கிறோம், யார் எப்போதுக்குள் முடிவெடுக்க வேண்டும். இதைப் படிக்கிறார்கள்.

பக்கத்தில் போட்ட விலைக்கும் பேரம் படிந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எந்தக் கருவியும் காட்டவில்லை. அதற்கு, கைநழுவிப்போன வாடிக்கையாளரைச் சில வாரம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்கிறோம். பலர் தயங்காமல் சொல்கிறார்கள்.