தூத்துக்குடி மக்ரூனும் மணப்பாட்டு ஓலைப்பெட்டியும்

கடந்த கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலுள்ள உறவினர்களுக்கும் எங்கள் குடியிருப்பின் அண்டை வீட்டாருக்கும் கொடுப்பதற்காகத் தூத்துக்குடியிலிருந்து மக்ரூன் என்னும் முந்திரி இனிப்பு 3 கிலோவும், மணப்பாட்டில் முடையப்பட்ட 12 ஓலைப்பெட்டிகளும் தருவித்தேன். பெட்டிக்குக் கால் கிலோ என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வாறு தவறியது என்பதையும், இவற்றை அன்பளிப்பாக வாங்க நினைப்பவர்கள் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

இவ்விரண்டையும் நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தூத்துக்குடியில் இருந்த எங்கள் ஆச்சி வீடு. டிசம்பர் பிறந்தவுடன் ஆச்சி பரணிலிருந்து ஓலைப்பெட்டிகளை இறக்கி, தூசி தட்டி, வெயிலில் காயவைப்பார். கட்டிக்கொடுத்த பெண்மக்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு பெரிய பெட்டி போகும். அதில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் அடியில் இருக்க, எண்ணெய்த்தாளில் சுற்றிய மக்ரூன் பொட்டலம் நசுங்காதபடி எல்லாவற்றுக்கும் மேலே அமரும். என் கடைசிச் சித்திக்குத் தலைக் கிறிஸ்துமஸ் வந்த ஆண்டில் அந்தப் பெட்டியோடு சேலையும் வேட்டியும் மோதிரமும் சேர்ந்து போயின என்பதும், பெட்டியைச் சுமந்து சென்ற தாத்தா பேருந்தில் கடைசிவரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை என்பதும் வீட்டில் இன்றும் பேசப்படுகின்றன. அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சிறு பெட்டிகளைக் கொண்டுபோவது பிள்ளைகளாகிய எங்கள் வேலை. நுனி உடைந்த மக்ரூனை யாருக்கும் கொடுக்கக்கூடாது, அது வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் என்பது ஆச்சியின் சட்டம். அச்சட்டத்தை நன்றாக அறிந்திருந்த நாங்கள், அவர் அடுப்படிக்குப் போகும் சமயம் பார்த்துச் சில நுனிகள் உடைவதற்கு உதவி செய்தோம்.

மக்ரூனை அறியாதவர்களுக்குச் சில வரிகள். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, பொடித்த முந்திரிப் பருப்பைக் கலந்து, காகிதக் கூம்பின் வழியே சுருள் சுருளாகப் பிழிந்து, மிதமான சூட்டில் நெடுநேரம் உலரவிடுவார்கள். ஐரோப்பிய மக்ரூனில் வாதுமைப் பருப்பு இடம்பெறும்; தூத்துக்குடியை ஒட்டிய கடற்கரையான முத்துக்குளித்துறையில் அந்த இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டது. போர்த்துகீசியர் வழியாக வந்த பண்டம் என்று ஊரில் சொல்வார்கள். பிரேசிலிலிருந்து முந்திரி மரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே என்பதால், அந்தப் பேச்சு பொருத்தமாகவே படுகிறது. மாவோ வெண்ணெயோ சேராத காரணத்தால் அது எடையற்றது போலிருக்கும். கால் கிலோவே ஒரு பெரிய பொட்டலமாகிவிடும். ஆகவே எடையை மட்டும் பார்த்துப் பெட்டியின் அளவைத் தீர்மானிக்கக்கூடாது. நான் அந்தத் தவற்றைச் செய்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் 200 கிராமுக்கு மேல் கொள்ளவில்லை.

சுவையில் குறை சொல்ல அதிகம் இல்லை. மேலோடு மெல்லிய சத்தத்தோடு உடைந்து, உள்ளே சற்றே பிசுபிசுப்பாக இருந்து, நாக்கில் வைத்த சில நொடிகளில் கரைந்துபோனது. கரைந்த பின் முந்திரியின் மணல்போன்ற துகள்கள் பல்லில் நிற்பதுதான் நல்ல மக்ரூனுக்கு அடையாளம் என்பது என் எண்ணம். அதில் கடைக்காரர்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. இனிப்பு மட்டும் ஒரு மாற்றுக் கூடுதல். ஆச்சி காலத்து மக்ரூன் இதைவிட இனிப்புக் குறைவு என்று சொல்ல ஆசைதான். எட்டு வயது நாக்கின் சாட்சியம் செல்லாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

என் குறையெல்லாம் பொதி கட்டியதில்தான். 600 கிலோமீட்டர் பயணம் செய்யவேண்டிய, விரல் அழுத்தினாலே உடைகிற ஒரு பண்டத்தை, கிலோவுக்கு ஒன்றாக மூன்று பெரிய பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, இடையில் ஒரு தாளும் வைக்காமல், ஒரே அட்டைப்பெட்டியில் அடுக்கி அந்தக் கடை அனுப்பிவைத்தது. வந்து சேர்ந்தபோது கிட்டத்தட்ட 1 கிலோ நொறுங்கிக் கிடந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, பண்டிகை நெருக்கடியில் அப்படித்தான் ஆகும் என்று பதில் வந்தது. பண்டிகைக்காகவே வாங்குகிற பொருளுக்கு இது விசித்திரமான சமாதானம். இன்னொன்று, முட்டை சேர்ந்தது என்ற குறிப்பு பைகளில் எங்கும் இல்லை. முட்டை உண்ணாத அண்டை வீட்டாருக்கு மக்ரூனைக் கொடுத்துவிடுவது இதனால் எளிதில் நேரக்கூடிய பிழை. எங்கள் ஆச்சி அத்தகைய வீடுகளுக்கு, பனைவெல்ல இனிப்பான சில்லுக்கருப்பட்டிதான் அனுப்புவார். நானும் இரண்டு பெட்டிகளில் அதையே வைத்தேன்.

ஓலைப்பெட்டிகளைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதலாம். மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கிய பிறகு அங்கே தங்கிய குகையையும், குன்றின் மேலிருக்கும் திருச்சிலுவை ஆலயத்தையும் பார்க்கப் போகிறவர்கள் பலர். அவ்வூர்ப் பெண்கள் பனங்குருத்தோலையை வார்ந்து சாயமேற்றி முடைகிற பெட்டிகள் நெருக்கமான பின்னல் உடையவை. என்னிடம் வந்த 12 பெட்டிகளில் ஒன்றின் மூடி மட்டும் சற்று இறுக்கமாக இருந்தது. மற்றவை கச்சிதமாகப் பொருந்தின. விளிம்பில் ஓடும் சிவப்பும் பச்சையும் கிறிஸ்துமஸுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை போலிருந்தாலும், விசாரித்தபோது அந்த நிறங்கள் ஆண்டு முழுவதும் வழக்கத்தில் உள்ளவை என்றார்கள். புதுப்பெட்டியைத் திறந்தவுடன் எழுகிற காய்ந்த ஓலையின் வாசம் மக்ரூனிலும் லேசாக ஏறும். எனக்கு அது பிடிக்கும், என் மகளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் ஓலைப்பெட்டி காற்றைத் தடுக்காது. வடகிழக்குப் பருவமழை ஓயாத டிசம்பரில் சென்னைக் காற்று மக்ரூனுக்குப் பகை; திறந்துவைத்த ஒரே இரவில் அது நமத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்த்தாளைப் பெட்டிக்குள் விரிப்பது போதும் என்று நினைத்து முதல் இரண்டு பெட்டிகளை முந்தின நாளே நிரப்பிவைத்து ஏமாந்தேன். மற்றவற்றைக் காற்றுப்புகாத டப்பாவிலேயே வைத்திருந்து, கொடுக்கப் புறப்படும் வேளையில்தான் பெட்டிக்கு மாற்றினேன். ஆச்சியின் பெட்டிகள் எப்படித் தாக்குப்பிடித்தன என்று அம்மாவிடம் கேட்டதற்கு, பேக்கரி எட்டு வீடு தள்ளித்தான் இருந்தது, பெட்டி கட்டுகிற அன்று காலையில்தான் வாங்கிவருவோம் என்றார்.

விலையைப் பொறுத்தவரை, மக்ரூன் கிலோ 1,000 ரூபாயை ஒட்டியும், பெட்டி ஒன்று 150 ரூபாயை ஒட்டியும் அமைந்தன, அனுப்புசெலவு தனி. கடைத்தெருவில் அடுக்கிவைத்திருக்கும் கண்ணாடித்தாள் சுற்றிய அன்பளிப்புக் கூடைகளைவிட இது மலிவு, பண்டம் தீர்ந்த பிறகும் பெட்டி வீட்டில் இருக்கும். பெட்டிகளை மீண்டும் தயங்காமல் வாங்குவேன்; கையால் முடைபவை என்பதால் நவம்பர் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தால் நல்லது. மக்ரூனை அதே கடையில் வாங்குவதாக இருந்தால், அஞ்சலில் தருவிக்காமல், ஊருக்குப் போய்வரும் உறவினர் யாரேனும் மடியில் வைத்துக் கொண்டுவர ஒப்புக்கொண்டால் மட்டுமே வாங்குவேன். நொறுங்கிய 1 கிலோவை என் மகளும் அவள் தோழிகளும் கரண்டியால் அள்ளி இரண்டே மாலைகளில் தீர்த்துவிட்டார்கள்.