பனியில் படுத்துக்கொள்ளும் பாய்லர்: ரீசெட்டா, வெந்நீரா, குழாயை மாற்றுவதா?

விடிகாலை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டால் கருங்கல்லைத் தொட்டதுபோல் சில்லிடுகிறது. அதற்குச் சூடான நீரை அனுப்பும் கேஸ் பாய்லரின் முகப்பில், கோளாறைச் சொல்லும் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் கண்சிமிட்டுகின்றன. காதை அருகில் கொண்டுபோனால் உள்ளே யாரோ வாய் கொப்பளிப்பதுபோல் கொடகொடவென்று சத்தம்.

முதல் தடவை எனக்கு இது நடந்தபோது நான் செய்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: ரீசெட் பட்டன். ஏழு, எட்டு தடவை அழுத்தியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் விசிறி சுழன்று, பற்றவைக்கும் டிக்டிக் கேட்டு, பிறகு மறுபடி அதே எழுத்து, அதே இலக்கம். காதில் விழுந்துகொண்டே இருந்த அந்தக் கொடகொடச் சத்தத்தை மட்டும் நான் பொருட்படுத்தவே இல்லை.

இன்று வீடுகளில் மாட்டப்படும் கேஸ் பாய்லர்களில் பெரும்பாலானவை கண்டென்சிங் வகை. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பழைய பாய்லர்கள் அந்த ஆவியை வெப்பத்தோடு சேர்த்துப் புகைபோக்கி வழியே வெளியே விட்டுவிடும். புதியவை புகையைச் சுமார் 55 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக்கி, அதில் ஒளிந்திருக்கும் வெப்பத்தையும் பிடுங்கிக்கொள்கின்றன. மிஞ்சும் தண்ணீர் (கண்டென்சேட்) லேசான அமிலம் என்பதால் செம்புக் குழாய் ஆகாது. பிளாஸ்டிக் குழாயில் வெளியேறுகிறது. பல வீடுகளில் அந்தக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து சாக்கடை வரை வெறும் காற்றில் தொங்குகிறது. கடுங்குளிரில் அங்கேதான் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத தண்ணீர் பின்னால் ஏறி பாய்லருக்குள் தேங்கும். அதைக் கண்டுகொண்ட இயந்திரம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பாய்லரில் கோளாறே இல்லை, கோளாறு குழாயில்.

எல்லாத் தடவையும் இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் முள்ளைப் பாருங்கள். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (bar என்னும் அழுத்த அலகு) வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் தண்ணீர் நிரப்பினாலே போதும். நிரப்பிய சில நாளில் மறுபடி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. கேஸ் அடுப்பும் எரியவில்லையென்றால் கேஸ் வரத்தில் சிக்கல். சிலிண்டரில் பியூட்டேன் இருந்தால் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி அது ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்து போயிருப்பதும் உண்டு, அதைக் கண்டுபிடிக்கும்போது வரும் வெட்கம் தனி. இவை எதுவும் இல்லை, வெளியே உறைபனி, உள்ளே கொடகொட என்றால் குழாய்தான்.

இன்றைக்கு ராத்திரிக்கு எது?

ரீசெட் இலவசம், நொடியில் முடியும். ஆனால் பனிக்கட்டி அப்படியே இருக்கும்போது பட்டனை அழுத்துவது, பூட்டிய கதவைத் தள்ளிக்கொண்டே இருப்பதுதான். கட்டி உருகிய பிறகு ஒரே ஒரு தடவை அழுத்த வேண்டிய பட்டன் அது.

குழாயின்மேல் வெந்நீர் ஊற்றுவதுதான் என் ஓட்டு. கொதிக்கும் நீர் வேண்டாம். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகம் போதும். கொதிநீரை ஊற்றினால் குளிரில் விறைத்த பிளாஸ்டிக் விரிசல் விடலாம், தெறித்தால் கையும் வேகும். பூவாளி இருந்தால் நல்லது. முதலில் ஊற்ற வேண்டிய இடங்கள் குழாயின் முழங்கை வளைவுகளும், சாக்கடையைத் தொடும் கடைசி முனையும். கட்டி பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கால் மணி நேரத்தில் பலன் தெரியலாம். இதன் கெட்ட பக்கமும் உண்டு: ஊற்றிய தண்ணீர் தரையில் கண்ணாடிபோல் உறையும். இரண்டாவது கெட்டிலை எடுத்துக்கொண்டு வந்தபோது நான் வழுக்கி விழுந்தது அதில்தான்.

வெந்நீர்ப் பையை வளைவின்மேல் கட்டிவைப்பது மெதுவானது, ஆனால் தரை நனையாது. முழங்கை ஒன்றில்தான் அடைப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் இதுவே மேல். நீண்ட குழாய்க்கு இது தாங்காது. ஹேர் டிரையரைப் பலர் சொல்கிறார்கள். ஈரமான இடத்தில் எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துக்கொண்டு நிற்பது எனக்கு உவப்பில்லை. தீக்கொழுந்தால் சூடேற்றும் ப்ளோ டார்ச் பக்கமே போக வேண்டாம். குழாய் மாடி உயரத்தில் ஓடுகிறதா? பனியில் ஏணி போட்டு ஏறுவதைவிட, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மெக்கானிக்குக்குக் காத்திருக்கலாம்.

இன்னொரு வழி, உறைந்த இடத்துக்கு மேலே குழாயைக் கழற்றி வாளியில் விடுவது. மெக்கானிக்குகள் அவசரத்துக்குச் செய்வதுதான். ஆனால் வாளி நிரம்பிக்கொண்டே இருக்கும், யாராவது பார்த்துக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்டென்சேட் வெளியேறும் முன் தேங்கி நிற்கும் சைபனை மட்டும் தொடவே கூடாது. அதில் நிற்கும் தண்ணீர்தான் புகை வீட்டுக்குள் வராமல் காக்கும் அடைப்பு. பாய்லரின் மூடியைக் கழற்றுவதும் உரிமம் உள்ளவரின் வேலை. கேஸ் வாடை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ இந்த ஒப்பீடெல்லாம் ஓரம். சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேறிவிடுங்கள்.

பாய்லர் மறுபடி எரிந்ததும், குளிர் அலை ஓயும்வரை ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பநிலையை மேலே ஏற்றிவைக்கலாம். திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்கு மேல் இருந்தால் கண்டென்சேட் குறையும். வருவதும் கொஞ்சம் சூடாக வரும். செலவு கூடும், நாலைந்து நாளைக்குத் தாங்கலாம். டைமரில் விட்டுவிட்டு எரியவிடுவதைவிட, அறைத் தெர்மோஸ்டாட்டைத் தாழ்த்திவைத்து இரவு முழுக்க ஓடவிடுவது குழாய்க்கு நல்லது. பில்லுக்கு அல்ல.

அடுத்த குளிருக்குள் எது?

மலிவானது குழாய்மேல் போர்த்தும் உறை. பாதி வீடுகளில் போட்டிருப்பது தண்ணீரை உறிஞ்சும் பஞ்சு உறை. மழையில் ஊறி, பிறகு அதுவே பனிக்கட்டிச் சட்டையாகிவிடுகிறது. நீர் புகாத, வெயிலைத் தாங்கும் உறைதான் பயன்படும். அதுகூட வெப்பத்தை உண்டாக்குவதில்லை, குளிர் நுழைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஓரிரவுக் குளிருக்குச் சரி. ஒரு வாரம் உறைநிலைக்குக் கீழேயே இருந்தால் தோற்றுவிடும்.

வெப்பமூட்டும் கேபிள் அப்படியல்ல, அது உண்மையிலேயே சூடு தருகிறது. குழாயோடு ஒட்டி ஓடவிட்டு மேலே உறையை மூட வேண்டும். தெர்மோஸ்டாட் வைத்தது என்றால் குளிரில் மட்டும் மின்சாரம் இழுக்கும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: கரண்ட் போனால் பாய்லரும் நின்றுவிடும், உருக்க எதுவும் இருக்காது. குழாயை நகர்த்தவே முடியாத வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

குழாயை அகலமானதாக மாற்றுவது மூன்றாவது வழி. பழைய பொருத்துகைகளில் வெளியே ஓடுவது பெரும்பாலும் 21.5 மில்லிமீட்டர் குழாய். வெளியே வந்தால் குறைந்தது 32 மில்லிமீட்டர், மீட்டருக்கு 45 மில்லிமீட்டர் சரிவு என்பது பிரிட்டனில் மெக்கானிக்குகள் பின்பற்றும் கணக்கு. சரிவு குறைந்தால் தண்ணீர் நின்று நின்று போகும்; நின்ற தண்ணீர்தான் உறையும். சைபன்கூடத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடாமல் சேர்த்துவைத்து ஒரே மடக்காக விடுவது இதற்காகத்தான். என்றாலும் குழாய் வெளியேதான் கிடக்கிறது.

இத்தனைக்கும் மேல் நான் வைப்பது, குழாயை வீட்டுக்குள்ளேயே ஓடவிட்டு சிங்க் கழிவுக் குழாயில் சேர்ப்பதை. அலமாரியைக் கழற்ற வேண்டும், சுவரில் ஓட்டை போட வேண்டும், நாலு மெக்கானிக்கில் இரண்டு பேர் “எதுக்குங்க வீண் வேலை, உறை போட்டா போதும்” என்பார்கள். பாய்லர் சிங்கிலிருந்து தொலைவில் இருந்தால் பம்ப்கூட வைக்க நேரும், அப்போது கணக்கு மாறும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஒரு பகலில் வேலை முடிந்தது.

இப்போது உறைபனி இரவுகளில் அடுக்களையில் விளக்கை அணைத்துவிட்டு நின்றால், சிங்குக்கு அடியில் அவ்வப்போது ‘கொளக்’ என்று ஒரு மடக்குச் சத்தம் கேட்கிறது. சைபன் காலியாகிறது.