ஒரே கேனா, ரெண்டு கேனா: 200 டாலர் வரி போனப்புறம் சப்ரஸர் கணக்கு

துப்பாக்கி முனைல திருகி சத்தத்தக் குறைக்கிற குழாய்தான் சப்ரஸர், பேச்சுல கேன். அமெரிக்கால முதல் சப்ரஸர் வாங்கப் போறவங்க எல்லாரும் முட்டி நிக்கிற இடம் ஒண்ணுதான், .22ங்கிற சின்னத் தோட்டா துப்பாக்கிக்கும் பெரிய ரைஃபிளுக்கும் சேத்து ஒரே .30 கேன் (.30 இஞ்ச் குண்டு வரைக்கும் போற ஓட்டை உள்ளது) எடுத்துடலாமா இல்ல தனித்தனியா ரெண்டு வாங்கணுமா. ரொம்ப வருஷமா கடைக்காரர்ல இருந்து ரேஞ்ச்ல பக்கத்து பெஞ்ச்காரர் வரைக்கும் "ஒண்ணே வாங்கு, எல்லாத்துலயும் மாட்டு"ன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. அதுக்குக் காரணம் டெக்னிக்கலா ஒண்ணும் பெருசா இல்ல, வரிதான். 1934ல நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட் வந்தப்ப கேன் ஒண்ணுக்கு 200 டாலர்னு போட்டாங்க, அந்தக் காலத்துல அது பொருளோட விலையவே தூக்கிச் சாப்பிடுற காசு, விலைவாசி எங்கயோ போயும் அந்த 200 மட்டும் அப்படியே நின்னுச்சு. 300 டாலர் .22 கேனுக்கு 200 டாலர் வரி கட்ட யாருக்கு மனசு வரும், அதனால எல்லாரும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டாங்க. 2025 ஜூலை 4 கையெழுத்தான சட்டம் இந்த வரிய ஜீரோ ஆக்கிடுச்சு, 2026 ஜனவரி 1ல இருந்து அமல். போனது வரி மட்டும்தான், ஃபார்ம் 4ங்கிற அரசாங்க விண்ணப்பம், கைரேகை, போட்டோ, பேக்ரவுண்ட் செக் எல்லாம் அப்படியே இருக்கு. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் மாதிரி 8 மாநிலத்துல இப்பவும் தனியாள் வச்சிக்கவே முடியாது.

என் கட்சி எதுன்னு முன்னாடியே சொல்லிடுறேன், இனிமே ரெண்டுதான்.

.30 கேன் பக்கம் நியாயமே இல்லன்னு சொல்ல வரல. .308, 6.5 கிரீட்மோர்னு பெரிய ரைஃபிள் தோட்டா சுடுறதுல மாட்டலாம், 5.56ங்கிற சின்ன ரைஃபிள் தோட்டா சுடுற ஏஆர்லயும் (ஏஆர்-15 ரக ரைஃபிள்) மாட்டலாம், ஓட்டை பெருசுங்கிறதால 5.56ல சத்தம் லேசா கூட வரும், ஆனா மீட்டர் வச்சுப் பாத்தாதான் தெரியும், காதுக்கு அவ்வளவா உறைக்காது. வெறும் ஏஆர் சுட்டா 165 டெசிபல் பக்கம் போகும், நல்ல கேன் மாட்டினா 135, 140னு இறங்கும். காதுக்கு உடனடியா ஆபத்துன்னு சொல்ற கோடே 140தான், அதனால கேன் போட்டாச்சுன்னு இயர் பிளக்க கழட்டி வைக்காதீங்க. குண்டு சத்தத்தோட வேகத்தத் தாண்டிப் போறப்ப வர்ற அந்த சாட்டையடி சத்தத்த எந்த கேனாலயும் நிறுத்த முடியாது.

சிக்கல் .22ல வருது. .22 தோட்டா பெரும்பாலும் வெறும் ஈயம், இல்ல மேல மெலிசா செம்பு பூசுனது, சுடச் சுட ஈயமும் கரியும் வாக்ஸும் சேந்து பாஃபிள்ல, அதாவது கேனுக்குள்ள கேஸ தடுத்து மெதுவாக்குற தடுப்புகள்ல, அப்பிக்கும். .30 கேன் பெரும்பாலும் வெல்ட் பண்ணி சீல் பண்ணது, திறக்க வழி கிடையாது. ரைஃபிள் தோட்டாவோட சூடும் பிரஷரும் ஓரளவு அதுவே ஊதித் தள்ளிடும், அதனால வெறும் செண்டர்ஃபயர் (இந்த மாதிரி பெரிய ரைஃபிள் தோட்டா) சுடுறவங்க வருஷக்கணக்கா கழுவாம ஓட்டுறாங்க, ஆனா .22க்கு அந்த பலம் கிடையாது, உள்ள போன ஈயம் உள்ளயே தங்கிடும். புதுசா இருக்கப்பவே கேன எடை போட்டு ஒரு இடத்துல எழுதி வச்சிட்டு, .22 சுட்டதுக்கு அப்புறம் அப்பப்ப போட்டுப் பாருங்க, எடை ஏறிட்டே போகும். வினிகரும் பெராக்சைடும் கலந்து ஊற வச்சா ஈயம் கரையும்னு சில பேர் சொல்லுவாங்க, கரையும்தான், ஆனா மிஞ்சுற தண்ணி லெட் அசிடேட், தோல்ல பட்டாலே உள்ள இறங்கக்கூடிய விஷம், அத சிங்க்ல ஊத்தவும் கூடாது. வீட்டுல சின்னப் பசங்க இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

தனி .22 கேன்ல இந்தத் தலைவலி இல்ல. மூடியத் திருகி எடுத்தா உள்ள இருக்குறது மொத்தமா வெளிய வந்துடும், கையில க்ளவுஸ் போட்டுக்கிட்டு, சுரண்டுறப்ப தூள் பறக்காம ஈரத்தோட வச்சு, சாம்பல் கலர்ல கெட்டிப்பட்டிருக்குற ஈயத்த மரக்குச்சியாலயோ பிளாஸ்டிக்காலயோ பேத்து எடுக்கலாம். சில்லு சில்லா உதிரும், பாத்தாதான் நம்ம மூஞ்சிகிட்ட இதெல்லாம் பறந்துட்டு இருந்துச்சான்னு தோணும். 500 ரவுண்டுக்கு ஒரு தடவை கழட்டுறது நல்லது, ரொம்ப விட்டா பாஃபிள் டியூபோட ஒட்டிக்கிட்டு சுத்தியல் கேக்கும். இங்க டெட் ஏர் கம்பெனியோட மாஸ்க், சைலன்சர்கோ கம்பெனியோட ஸ்பாரோன்னு ரெண்டு .22 கேனையும் எல்லாரும் ஒப்பிடுவாங்க. ஸ்பாரோ மோனோகோர், அதாவது உள்பாகம் மொத்தமும் ஒரே துண்டு, அதைச் சுத்தி ரெண்டு பாதி உறை இருக்கு, எவ்வளவு அழுக்கானாலும் சுலபமா கையோட வந்துடும். மாஸ்க்ல பாஃபிள் அடுக்கு, சத்தம் இன்னும் கம்மி, முதல் ஷாட் பட்டுனு வெடிக்கிறதும் கம்மி, ஆனா கழுவ பொறுமை வேணும். நான் மாஸ்க் பக்கம். சப்சானிக் தோட்டா (சத்தத்தோட வேகத்துக்குக் கம்மியா போறது) போட்டு, கையால இழுத்து லோட் பண்ற போல்ட் ரைஃபிள்ல சுட்டா ஃபயரிங் பின் சொடுக்குறதும் குண்டு பலகைல படுறதும்தான் கேக்கும், ஒரு தடவை கேட்டுட்டா திரும்ப வெறும் பேரல்ல சுட மனசு வராது. ஒரு விஷயம், அலுமினிய பாஃபிள் உள்ள கேன கண்ட கெமிக்கல்லயும் போட்டு ஊற வைக்காதீங்க, அரிச்சிடும்.

அப்புறம் "கழட்டலாம்"னா கழுவ மட்டும்தான். ஒரு பாஃபிள் அடி வாங்கிடுச்சுன்னு வச்சுக்கங்க, புதுசு ஒண்ணு வாங்கி நாமளே மாத்த முடியாது, சட்டப்படி அந்த ஒத்த பாஃபிளே ஒரு சப்ரஸர், கம்பெனிக்கு அனுப்பித்தான் சரி பண்ணணும். ஆன்லைன்ல சால்வென்ட் டிராப், ஃபியூயல் ஃபில்டர்னு வேற பேருல மலிவா வர்ற, கேனா மாத்தக்கூடிய ஐட்டத்தத் தொடவே தொடாதீங்க, ஜெயில் கேஸ்.

ரெண்டு கேன் வச்சிருக்குறதுல ஒரு நிஜமான ஆபத்து இருக்கு, அதையும் சொல்லணும்ல. .22, 5.56, நிறைய 9 எம்எம் பேரல் எல்லாத்துக்கும் முனைல ஒரே அரை இஞ்ச் 28 திரெட்தான் (அரை இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 28 சுத்து உள்ள மரை), அதனால .22 கேன் தப்பான துப்பாக்கிலயும் சமத்தா திருகிக்கும், சுட்டா கேன் கிழியும். மேல கலர் டேப் ஒட்டுங்க, இல்ல .30 கேனுக்கு குயிக் டிடாச் மவுண்ட் (திருகாம சட்டுனு மாட்டிக் கழட்டுற பிடி) போட்டு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மாறாத மாதிரி பண்ணிடுங்க. எந்த மவுண்ட்டா இருந்தாலும் புதுசா மாட்டுனதும் துப்பாக்கி காலியான்னு பாத்துட்டு அலைன்மென்ட் ராட் (பேரலும் கேனும் நேரா இருக்கான்னு பாக்குற கம்பி) விட்டுப் பாக்குறது கட்டாயம், ராட் ஓட்டைக்கு நடுவுல நிக்கலன்னா சுடாதீங்க.

.30ல டைட்டேனியமா கனமான உலோகமாங்கிறதுக்கு பதில் நீங்க எப்படி சுடுறீங்கங்கிறதுலதான் இருக்கு. டெக்சாஸ்ல பன்றி வேட்டைக்கு ராத்திரி பூரா தூக்கிட்டு நடக்குறவங்களுக்கு டைட்டேனியம், 300, 400 கிராம்ல முடிஞ்சிடும். ஏஆர்ல மேகசின் மேல மேகசினா காலி பண்றவங்களுக்கு அது ஆகாது, அதிகச் சூட்டுல டைட்டேனியம் பலம் இழக்கும், தீப்பொறியும் பறக்கும், அவங்களுக்கு சூடு தாங்குற கலப்பு உலோகமான ஸ்டெல்லைட்டோ இன்கோனெலோதான், அரை கிலோ பக்கம் வரும். ஏஆர்ல கேன் மாட்டுனா வெடிமருந்து கேஸ் திரும்பி மூஞ்சில அடிக்கும், கேஸ் அளவக் குறைக்கிற அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக்கோ, கேஸ முன்பக்கமா விடுற ஃப்ளோ த்ரூ கேனோ பாருங்க. கேன் மாட்டுனா குண்டு விழுற இடமும் நகரும், மறுபடி ஜீரோ பண்ணிக்கங்க, அதாவது குறிய சரிபண்ணிக்கங்க.

பேப்பர் வேலைல தனி ஆள் பேருல வாங்குறதா, பல பேர் சேந்து வச்சிக்கிற டிரஸ்ட் (அறக்கட்டளை) பேருலயான்னா, பொண்டாட்டியோ அண்ணனோ நீங்க இல்லாம எடுத்துட்டுப் போவாங்கன்னா டிரஸ்ட், ஏன்னா தனி பேருல இருந்தா நீங்க கூடவே நிக்கணும். 2016 ஜூலைக்கு அப்புறம் டிரஸ்ட்ல பொறுப்புள்ள ஒவ்வொருத்தரும் கைரேகை, போட்டோ குடுத்தாகணும்ங்கிறதால அதெல்லாம் இல்லாம வாங்குற பழைய சவுகரியம் போச்சு. ஹெச்1பி வேலை விசால இருக்குற நம்ம ஆளுங்க கவனிங்க, சப்ரஸரும் ஃபெடரல் சட்டத்துல துப்பாக்கிதான், விசாக்காரங்க செல்லுபடியாகுற ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி விதிவிலக்கு இல்லாம தொடவே கூடாது, கிரீன் கார்டுக்கு அந்தத் தடை இல்ல. ஊருக்கு எடுத்துட்டுப் போற யோசனையே வேணாம், இங்க எக்ஸ்போர்ட் லைசென்ஸ் கேப்பாங்க, இந்தியால 1959 ஆர்ம்ஸ் ஆக்ட்ல சத்தத்தக் குறைக்கிற சாதனமும் துப்பாக்கிங்கிற வரையறைக்குள்ளதான் வருது, கழட்டி பாகம் பாகமா பெட்டில போட்டாலும் அதே கேஸ்தான்.