பன்னிரண்டரை மணியா, எக்ஸ்ரே ரிப்போர்ட்டா?

இந்த நிமிஷத்தில் வாழச் சொல்லும் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாட்டுகளில் இரண்டு எனக்கு எப்போதும் எதிரெதிரே நிற்கும்: 2003-ல் ஆலன் ஜாக்சனும், கடற்கரை, குடி, ஓய்வு என்றே பாடிப் பேர்போன ஜிம்மி பஃபெட்டும் பாடிய ‘இட்ஸ் ஃபைவ் ஓ கிளாக் சம்வேர்’, அடுத்த வருஷமே வந்த டிம் மெக்ராவின் ‘லிவ் லைக் யூ வேர் டையிங்’.

மெக்ரா பாட்டில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு எக்ஸ்ரேயில் கெட்ட சேதி. உடனே வானத்திலிருந்து குதிக்கிறார், ராக்கி மலை ஏறுகிறார், முரட்டுக் காளை மேல் 2.7 விநாடி தாக்குப்பிடிக்கிறார். அதே 2004-ல்தான் மெக்ராவின் அப்பா, பேஸ்பால் வீரர் டக் மெக்ரா, மூளைப் புற்றுநோயில் இறந்தார். அது தெரிந்து கேட்டால் தொண்டை அடைக்கும். எனக்குக் காளையைவிட, மீன் பிடிக்கப் போவது இனித் தொந்தரவாகத் தெரியவில்லை என்று வரும் இடம்தான் பிடிக்கும்.

ஜாக்சன் பாட்டில் நோயெல்லாம் இல்லை, முதலாளிதான் பிரச்சினை. ஒரு வருஷத்துக்கு மேல் லீவே எடுக்காத ஆள், சாப்பாட்டு இடைவேளையில் மணி பன்னிரண்டரைதான் என்று தெரிந்தும், ‘எங்கேயோ ஐந்தாகியிருக்கும்’ (அமெரிக்காவில் வேலை முடிந்து கிளாஸைக் கையில் எடுக்கும் நேரம்) என்று சொல்லி மீதி நாளைக் கைகழுவி விடுகிறார். சோம்பேறித்தனம்தான், குடி வேறு. ஆனால் ஞானம் வர மரணம் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்பதால் என் ஓட்டு இதற்கே. அதுவும், திரும்பி வேலைக்குப் போகலாமா என்று தயங்கி, ஜிம்மி பஃபெட் என்ன செய்வார் என்று அவர் யோசிக்க, பஃபெட்டே உள்ளே வந்து பாடுவார் பாருங்கள், அந்தக் குறும்புக்கே தனியாக இன்னொரு ஓட்டு.