இபிஎஃப்ஓ உறுப்பினர் தளம்: பணம் பத்திரம், பெயர்தான் வில்லங்கம்

வேலை மாறியதும் பழைய கம்பெனியின் பிஎஃப் பணத்தைப் புதிய கணக்குக்குக் கொண்டுவர, பிஎஃப்பை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இபிஎஃப்ஓவின் உறுப்பினர் தளத்தில் ஐந்து நிமிடம் போதும், விவரமெல்லாம் ஒத்துப்போனால். அந்த 'ஒத்துப்போனால்' என்பதில்தான் தலைவலி முழுக்க இருக்கிறது.

நம்மூர்க்காரர்களை முதலில் மாட்டிவிடுவது இனிஷியல். கம்பெனி பதிவில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பிரமணியன்', பான் கார்டில் 'முருகன் எஸ்'. நமக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். க்ளெய்ம் போடும் முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆதார் சரிபார்த்து 2017 அக்டோபர் 1 முதல் வழங்கிய யூஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்) என்றால், 2025 ஜனவரி முதல் பெயர், பிறந்த தேதியை நீங்களே தளத்தில் திருத்தலாம். நல்ல மாற்றம். அதற்கு முந்தைய யூஏஎன் என்றால் கம்பெனியின் ஒப்புதல் தேவை.

அடுத்தது வேலையை விட்ட தேதி. 'வியூ' மெனுவில் 'சர்வீஸ் ஹிஸ்டரி'யைத் திறந்து, பழைய கம்பெனிக்கு நேரே அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் 'மேனேஜ்' மெனுவில் 'மார்க் எக்ஸிட்'. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆன பிறகுதான் இது திறக்கும். போடும் தேதி அந்தக் கடைசிச் சந்தா மாதத்துக்குள் இருக்க வேண்டும். ரிலீவிங் லெட்டரைப் பார்த்தே போடுங்கள். ஓடிபி கொடுத்து முடித்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. புதிய வேலையில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் இது விழுந்தால் இரண்டு சர்வீஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், சிக்கல்.

பாஸ்புக் பக்கம்தான் பலரைப் பதற வைக்கிறது. பேசிக் 20,000, முழுத் தொகைக்கும் பிஎஃப் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். உங்கள் பங்கு 12 சதவீதம், 2,400. கம்பெனியும் 2,400 கட்டும், ஆனால் பென்ஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அதில் 1,250 பென்ஷனுக்குப் போய்விடும் (15,000 உச்சவரம்பில் 8.33 சதவீதம்), பிஎஃப்புக்கு வருவது 1,150 மட்டுமே. டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் புதிய கணக்கில் பென்ஷன் பத்தியில் பூஜ்யம் இருக்கும். பணம் காணாமல் போகவில்லை. பென்ஷனில் மாறுவது சர்வீஸ் காலம்தான், ரூபாய் அல்ல. இதைத் தளத்தில் ஒரு வரி எழுதிவைத்தால் பாதிப் புகார் குறையும்!

வட்டி தாமதமாக ஏறினாலும் நஷ்டமில்லை, மாத இருப்பை வைத்தே கணக்கிடுகிறார்கள்.

பணம் எடுப்பது முன்னைவிட எளிது. 2025 ஏப்ரல் முதல் காசோலைப் படம் ஏற்ற வேண்டியதில்லை. ஜூன் முதல் 5 லட்சம் வரையிலான முன்பணத்துக்குத் தானியங்கிப் பரிசீலனை. ஆனால் ஐந்து வருட சர்வீஸ் ஆகும் முன் கணக்கை முடித்து 50,000-மோ அதற்கு மேலோ எடுத்தால், பான் இருந்தாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். டிரான்ஸ்ஃபர் செய்தால் பழைய வருடங்களும் சேர்ந்துகொள்ளும்.

உள்ளே போன கையோடு நாமினேஷனையும் பார்த்துவிடுங்கள். உறுப்பினர் இறந்தால், பிஎஃப்போடு சேர்ந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கக்கூடிய விஷயம். கல்யாணமானதும் புதிதாகப் போட வேண்டும். பலர் 'சேவ்' கொடுத்ததோடு வெளியே வந்துவிடுகிறார்கள். ஆதார் ஓடிபியில் இ-சைன் (மின்னணுக் கையெழுத்து) முடித்தால்தான் அது பதிவாகும்.